வலப்பக்கத்து விதை வறட்டி

மதினி,

சீயக்காய்த் தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் பேனா பிடித்த விரல்களில் சாணி வாசனை இருந்துகொண்டே இருக்கிறது. இன்று காலை சுரை விதைகளைச் சாணியில் பதித்து அடுக்களைச் சுவரில் தட்டினேன். அடுப்புக்கு மேலே, புகை படுகிற அதே இடம். ஈரச் சாணி சுவரில் ஒட்டும் சத்தம் கேட்டதுமே, "இம்புட்டு ஈரமா வச்சா வழிஞ்சு அடுப்புல விழும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும் என நினைத்து என் கழுத்து தானாகத் திரும்பியது. பின்னால் ருக்மணி நின்றாள். உங்கள் மகள் உங்களைப் போலவே இடுப்பில் கை வைத்துத்தான் நிற்கிறாள்.

அவள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். நான் ஒரு பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது. அப்போதிருந்து எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பது தெரியாமல் இல்லை. பாடம் நடத்தும்போதும் கடைசி வரிசைப் பெண்கள் கேட்பதில்லை என்று தெரிந்துதானே பேசுகிறேன்.

எனக்குக் கல்யாணம் நடந்ததும் அது முடிந்துபோனதும் விவரம் தெரியாத வயதில். அப்பா என்னை வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார வைக்காமல் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினார். தாவர சாஸ்திரம் படித்துவிட்டு, இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நான் இந்தச் சிம்மக்கல் வீட்டுக்கு வந்தபோது, அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் பெரிய வயசு வித்தியாசமும் கிடையாது. கிணற்றடிக்கும் பின்மதிலுக்கும் நடுவே கிடந்த கட்டாந்தரையில் அப்போதே ஒரு சுரைக்கொடி பந்தலேறி நின்றது. "இதோட அம்மா சோழவந்தான்ல இருக்கு" என்று அறிமுகம் செய்தீர்கள். கொடிக்கா, உங்களுக்கா என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்தான்" என்றீர்கள்.

பெண் தனிக்குடித்தனம் போகும்போது அம்மா கையால் சுரை விதை கொடுத்தனுப்புவது உங்கள் பிறந்த வீட்டு வழக்கம். உங்கள் அம்மா உங்களுக்குக் கொடுத்தார். நீங்கள் ருக்மணிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அவள் கல்யாணமாகி மாமியார் வீட்டில் கூட்டுக் குடும்பத்தில் இருந்ததால் அதற்கு வேளை வரவில்லை. வேளை வந்தபோது நீங்கள் இல்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. எந்த விதையைக் கொடுப்பது என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

உங்களோடு தோட்டம் போட்டதில் பாதி நேரம் வேலை, பாதி நேரம் வாக்குவாதம். நான் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வேன். நீங்கள் நேற்று நீங்களே சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்வீர்கள். நம் இரண்டு பேரில் யார் சொன்னது சரியாக வந்தது என்று இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை.

குப்பைக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, சாணி ஓர் அடுக்கு, காய்கறித் தோலும் வாழை மட்டையும் ஓர் அடுக்கு, மேலே மண். ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஆனால் ஊறிக் கிடக்கக் கூடாது. இதுவரை நமக்குள் தகராறு இல்லை. நான் மண்வெட்டியால் கிளறப் போனால், "அதைத் தொந்தரவு பண்ணாத" என்று பிடுங்கிக்கொள்வீர்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் நீங்களே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளறிக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே என்று கேட்டால், "அன்னைக்கு அது வேலையா இருந்துச்சு. இன்னைக்குச் சும்மா படுத்துக் கிடக்கு" என்பீர்கள். ஒரு குச்சியைக் குழிக்குள் செருகி எடுத்து, அது சுட்டால் விடுவீர்கள், ஆறிப்போயிருந்தால் கிளறுவீர்கள் என்று நானாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த மறுநாளே சுடச்சுட இருந்ததையும் கிளறினீர்கள். எதற்கு என்று கேட்டேன். "கை அரிச்சுச்சு" என்றீர்கள்.

சாம்பல் விஷயமும் அப்படித்தான். சுரை இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டுக்குச் சலித்த அடுப்புச் சாம்பலைக் காலைப் பனி ஈரத்தோடு தூவினால் போதும் என்று தெருவுக்கே சொல்வீர்கள். நம் வீட்டு இளங்கன்றுகளுக்கு மட்டும் பாசத்தில் அள்ளி அள்ளிப் போட்டதில் இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. வெயில்தான் காரணம் என்று கடைசிவரை சாதித்தீர்கள். கத்தரிக்கு வேப்பம் புண்ணாக்கைப் பொடித்து வேரடியில் போட்டதும், நாலு செடிக்கு ஒரு செண்டுமல்லி நட்டதும் உங்கள் யோசனை. கீரைப் பாத்திக்குச் சருகு பரப்பி ஈரம் காத்தது என் யோசனை. சருகுக்குள் நத்தை குடியேறியபோது அதுவும் என் யோசனை என்று எல்லோரிடமும் சொன்னீர்கள்.

இலையில் மாவு தூவினதுபோல் வெள்ளை படர்ந்தபோது புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தீர்கள். தாலுகா கச்சேரியில் வேலை முடிந்து பசியோடு வந்த அண்ணன் மோர்ப்பானையைத் திறந்து பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தார்.

"ஏத்தா, மோர் எங்க?"

"சுரைக்கு ஊத்தியாச்சு."

"அப்ப எனக்கு?"

"உங்க மேல வெள்ளை படரட்டும், ஊத்துறேன்."

அண்ணன் தலைமயிரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அப்போதே காதோரம் நரைத்திருந்தது. நாம் இரண்டு பேரும் கிணற்றுச் சுவரில் சாய்ந்து சிரித்தோம்.

உலகச் சண்டை வந்து அரிசியை அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்காரே சொல்லத் தொடங்கியது. அண்ணன் கச்சேரியில் யாரிடமோ கேட்டு ஒரு சிறு பையில் வெள்ளை உப்புபோல் சீமை உரம் கொண்டு வந்தார். நான் ஆவலாகத்தான் வாங்கினேன், படித்தவள் அல்லவா. நீங்கள் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உப்புப் போட்டு வைக்க இது ஊறுகாயா?" என்று பையைப் பரணில் ஏற்றிவிட்டீர்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கல்லாக இறுகிப்போய்விட்டது. நீங்கள் செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டுப் பார்க்கவே இல்லையே.

இனி அந்தக் கசப்புக்கு வருகிறேன்.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில் எப்போதும்போல் ஒரு சுரைக்கொடி ஊன்றினோம். குப்பைக்குழி ஓரத்தில் தானாக இன்னொரு கொடி முளைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இலை, பூ, காயின் குட்டைக் கழுத்து எல்லாம் ஒன்றுதான். "தானா வந்த லட்சுமி" என்று அதற்கும் கோல் நட்டுக் கொடுத்தீர்கள். இரண்டும் சேர்ந்து பூத்துக் குலுங்கின.

சுரைக்காய் எதுவானாலும் நறுக்கும் முன்பு ஒரு சீவல் எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது உங்கள் பழக்கம். நான் அதைப் பல வருஷம் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குக் குழியோரக் கொடியின் முதல் காயைச் சீவி நாக்கில் வைத்தவுடனே முற்றத்துக்கு ஓடித் துப்பினீர்கள். வாயைக் கொப்பளித்து, கொப்பளித்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. "பேய்ச்சுரை" என்றீர்கள். நான் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் கசப்பு இறங்குமா என்று கேட்டேன். "குடலை உருவிப் போட்டுரும். ஒரு துண்டுகூட ஆகாது" என்று மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தீர்கள். கொடியையும் அன்றே பிடுங்கினோம்.

பிடுங்கிய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. இரண்டு கொடியும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் பூத்திருக்கின்றன. கசப்புக் கொடியின் மகரந்தம் நல்ல கொடியின் பூவில் விழுந்திருந்தால், காய் இப்போது இனிக்கும், ஆனால் அதன் விதையிலிருந்து அடுத்த வருஷம் வருவது கசக்கலாம். தெருவில் வேறு யார் வீட்டில் என்ன கொடி இருக்கிறதோ. உங்கள் அம்மா கொடுத்த விதை இந்த வருஷத்தோடு கெட்டுப்போகலாம் என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. சிரிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் பந்தலடியில் நான் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். சுரை பொழுது சாயும்போதுதான் மலரும். அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ, வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ. அப்போதுதான் விரிகிற பெண் பூ ஒன்றைப் பார்த்து வைத்து, அதே கொடியில் ஆண் பூவைப் பறித்து, இதழை மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் பொடியை அதில் தடவினேன். பிறகு எந்தப் பூச்சியும் நுழையாதபடி பெண் பூவின் இதழ்களைச் சேர்த்து நூலால் கட்டப்போனேன். நீங்கள் கிணற்றடியில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன வாத்தியாரம்மா, கல்யாணமா நடக்குது?"

"ஆமா மதினி."

"மேளத்துக்குச் சொல்லலையே. பொண்ணு வீடு யாரு, மாப்பிள்ளை வீடு யாரு?"

"ரெண்டு பேரும் ஒரே கொடிதான்."

"அடி பாவி, அண்ணன் தங்கச்சிக்கா கட்டி வைக்கிற?"

சொல்லிவிட்டு நீங்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரிப்பு சட்டென்று நின்றது. நான் கையில் நூலோடு நின்றுகொண்டிருந்தேன், மதினி. கல்யாணம் என்ற சொல்லும் நூலும் என் கையும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றதை நீங்கள் அப்போதுதான் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். குடத்தை வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். வருத்தத்தில் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். அரைத்த மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்தீர்கள். என் கையிலிருந்த வெள்ளை நூலை வாங்கி மஞ்சளில் தோய்த்து, திரும்ப என் கையிலேயே வைத்தீர்கள்.

"கட்டுறதுதான் கட்டுற. மஞ்சளாக் கட்டு."

"நான் கட்டலாமா?"

"பின்ன, நானா காலேசுல படிச்சேன்?"

கட்டினேன். இதழில் ஒரு முடிச்சு, அடையாளத்துக்குக் காம்பில் ஒரு முடிச்சு. அந்த மஞ்சளை நீங்கள் கேலிக்குக் கொண்டுவந்தீர்களா, பூச்சி வராமல் இருக்கக் கொண்டுவந்தீர்களா, வேறு எதற்காகவாவதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் ஒரு நாள் ஒன்றும் மறுநாள் இன்னொன்றும் சொல்லியிருப்பீர்கள்.

அந்தக் காயை விதைக்கு விட்டோம். நீங்கள் உங்கள் வழக்கப்படி கொடியின் அடிப்பக்கத்தில் இன்னொரு காயையும் பறிக்காமல் விட்டீர்கள். என் காய் ஒன்று, உங்கள் காய் ஒன்று. இரண்டும் பந்தலிலேயே முற்றி, தோல் வெளுத்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்வரை காய்ந்தன. பொங்கல் கழிந்து நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாளில் நீங்கள் இரண்டையும் உடைத்து, விதையைச் சாணியில் பதித்து, அடுக்களைச் சுவரில் இரண்டு வறட்டியாகத் தட்டியிருந்தீர்கள். எது என்னுடையது என்று கேட்டேன். நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்.

"இடது பக்கத்தை ஆடியில ஊனு. வலது பக்கம் இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா, எதுக்கு மதினி?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

மாசியில் நீங்கள் படுத்தீர்கள். காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருந்தது. அப்போது சுரை விதையைப் பற்றி யார் கேட்பார்கள். சித்திரையில், ஊரெல்லாம் திருவிழாக் கூட்டம் ஆற்றுப்பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, நம் வீட்டு வாசலில் மட்டும் ஆட்கள் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷ ஆடியில் நாங்கள் எதையும் ஊன்றவில்லை. பந்தல் கம்புகள் வெறுமே நின்றன. கீரைப் பாத்தியில் கோரை முளைத்தது. அரிசி கழுவிய தண்ணீரை நான் வாழைக்கு ஊற்றாமல் சாக்கடையிலேயே ஊற்றினேன். ஏன் என்று தெரியாது. தூக்கிக்கொண்டு போக முடியாத கனமா அது.

போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். உங்களுக்குப் பிடிக்கும் என்று அடுக்களையையும் அடிக்கச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. இரண்டு வறட்டிகளும் அதே இடத்தில், அதே உயரத்தில், புதுச் சாணி வைத்து ஒட்டப்பட்டிருந்தன. கையிலிருந்த புத்தகங்களைக்கூட வைக்காமல் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதை யாரு எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன். உடையாம எடுத்தேனாக்கும். அவ வச்சது."

"எது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ரெண்டும் வட்டமாத்தான் இருந்துச்சு."

"பக்கம் கேக்குறேன் அண்ணே."

"முறத்துல எடுத்து வச்சேன். முறம் வெயில்ல இருந்துச்சு, நிழலுக்குத் திருப்பி வச்சேன். அப்புறம் சுண்ணாம்புக்காரன் அதை நகட்டுனான்." கொஞ்சம் யோசித்தார். "ஏன், பக்கம் முக்கியமா?"

முக்கியம் என்று சொன்னால் அந்த மனிதரின் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை என்றேன்.

இந்த ஆடியில் ருக்மணி வந்தாள். அவளும் மாப்பிள்ளையும் விளாங்குடியில் தனியாக வீடு பார்த்துவிட்டார்கள். பின்னால் நிறைய இடம், நல்ல தண்ணீர்க் கிணறு. வந்ததும் வராததுமாக அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாள்.

"அத்தை, அம்மா சுரை விதை. நான் பந்தல்கூடப் போட்டுட்டேன்."

அப்போதுதான், மதினி, முழுச் சிக்கலும் என் முன்னால் வந்து நின்றது. ஒரு வறட்டியில் நான் நூல் கட்டிய காயின் விதை. இன்னொன்றில் நீங்கள் விட்ட காயின் விதை. என் சாஸ்திரப்படி உங்கள் காய் விதையில் கசப்பு கலந்திருக்கலாம். உங்கள் பேச்சுப்படி ஒன்று ஊன்ற வேண்டியது, இன்னொன்று 'இருக்க' வேண்டியது. எதை நம்பி ஊன்றச் சொன்னீர்கள், எதைச் சந்தேகப்பட்டு ஒதுக்கச் சொன்னீர்கள்? என் கைவேலையை நம்பவில்லையா, உங்கள் பழக்கத்தை நம்பவில்லையா? அதுவே தெரியாது. தெரிந்திருந்தாலும் இடது எது, வலது எது என்பது இப்போது தெரியாது. விதையைப் பார்த்துக் கசப்பைக் கண்டுபிடிக்க எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை. புதுக்குடித்தனத்தில் ருக்மணி முதல் காயைச் சமைத்து மாமனார் மாமியாரைக் கூப்பிட்டு இலை போடுவாள். அது அந்தக் கசப்பாக இருந்தால்? கொடுக்கவே இல்லையென்றால், உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது என் கையில் நின்றுபோகும்.

"இந்தத் தடவை வேண்டாம் ருக்மணி. நான் இங்க ஊனிப் பார்த்துட்டுத் தாரேன். பொங்கலுக்கு வா" என்றேன்.

"விதையை எதுக்கு அத்தை பார்க்கணும்? அம்மா பார்த்துத்தானே வச்சாங்க?"

"பார்த்துத்தான் வச்சாங்க."

"அம்மா இருந்தா இப்பவே குடுத்திருப்பாங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரி, பொங்கலுக்கு வாரேன். அதுவரைக்கும் எம் பந்தல் காஞ்சு கிடக்கட்டும்."

கிணற்றடிப் பக்கம் ஒரு குழி, மதிலோரம் இன்னொரு குழி. முழங்கை ஆழம் தோண்டி, உள்ளே சருகைப் போட்டுக் கொளுத்தி, ஆறிய பிறகு மக்கிய குப்பையும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டுச் சில நாள் சும்மா போட்டேன். ஒரு குழிக்கு ஒரு வறட்டி என்று தனித்தனியாக உடைத்து, விதையைச் சாணிக்கரைசலில் ஒரு பகல் ஊறவைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி ஊன்றினேன். கூர்முனை கீழே என்பீர்கள், படுக்கவைத்து ஊனு என்பீர்கள், ரெண்டும் நீங்கள்தான். முளைத்ததில் திடமான கன்று ஒன்றை மட்டும் ஒவ்வொரு குழியிலும் விட்டேன். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினேன், பக்கக் கிளை அடித்தால்தானே பெண் பூ நிறைய வரும்.

அந்தச் சமயம்தான் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், குப்பையைக் கிளறணும்னும் சொன்னீங்க, கிளறக்கூடாதுன்னும் சொன்னீங்க. எது சரி?" என்று கேட்டாள். "குப்பையைக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அது நான் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை, மதினி. எங்கிருந்து வந்தது?

புரட்டாசியில் இரண்டு கொடியும் காய்த்தன. முதல் காய்களைப் பறித்த அன்று அண்ணனும் கச்சேரிக்குப் போகாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பக்கம் முக்கியமா என்று கேட்ட நாளிலிருந்து அவர் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கிணற்றடிக் காயில் ஒரு சீவல். நாக்கு நுனியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர்போல் லேசான இனிப்பு. வாயைக் கொப்பளித்தேன். மதிலோரக் காயில் ஒரு சீவல். வைத்தேன்.

அதுவும் இனித்தது.

"என்ன?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, ரெண்டும் வட்டம்னு" என்றார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ மாதிரியே துப்புறதுக்குத் தயாரா நின்ன" என்றார்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். கசந்திருந்தால்கூட ஏதாவது ஒன்று தெளிவாகியிருக்கும். ஒன்று கசந்து ஒன்று இனித்திருந்தால், இது உங்களுடையது, இது என்னுடையது என்று பிரித்திருப்பேன். இரண்டும் இனித்ததால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் நூல் எதைக் காப்பாற்றியது? அல்லது காப்பாற்ற வேண்டியதே எதுவும் இல்லையா? ஒரு கொடி இனித்தால் அந்த வறட்டியின் எல்லா விதையும் இனிக்கும் என்றும் சொல்ல முடியாது என்று படிப்பு குறுக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் பழைய விதையைக் கொடுக்காமல், தின்று பார்த்த இந்த இரண்டு கொடியிலிருந்தே விதை எடுப்பது என்று முடிவு செய்தேன். சாயங்காலங்களில் மறுபடியும் பந்தலடியில் நின்று பூக்கட்டினேன். மஞ்சளைக் குழைத்துத்தான் கட்டினேன். கேட்க யாரும் இல்லாததால் கட்டலாமா என்று கேட்கவில்லை.

இன்னொன்று மதினி. மழை விட்ட ஒரு நாள் கீரைக்குக் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. வலது பக்கம் இருக்கட்டும் என்றீர்களே, அது கசப்புக்குப் பயந்து ஒதுக்கியதாக ஏன் நினைத்தேன்? ருக்மணிக்காக எடுத்து வைத்ததாக ஏன் இருக்கக் கூடாது? அவள் தனிக்குடித்தனம் போகும் பேச்சு அப்போதே காதில் விழ ஆரம்பித்திருந்ததே. அப்படியானால் மகளுக்கென்று நீங்கள் வைத்தது எந்தக் காயின் விதை? உங்கள் காயா? நான் மஞ்சள் நூல் கட்டிய காயா? எழுந்தபோது ஒரு பாத்தி நிறையக் கீரையையும் களையோடு சேர்த்துப் பிடுங்கியிருந்தது தெரிந்தது.

கட்டிய காய்கள் முற்றிக் காய்ந்துவிட்டன, ருக்மணியும் சொன்னபடி பொங்கலுக்கு வந்துவிட்டாள். இன்று காலை நான் விதை பதிக்கும்போது அவள்தான் சாணி பிசைந்து கொடுத்தாள். விளாங்குடிக்குக் கொண்டுபோக அவளுக்கு ஒரு பெரிய வறட்டியை முறத்தில் தட்டி வெயிலில் வைத்தோம். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. "மாமியாரை முதல் காய்க்குக் கூப்பிடப் போறேன்" என்றாள். "முதல்ல ஒரு சீவல் நாக்குல வச்சுப் பாரு" என்றேன். "அம்மாவும் நீங்களும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மிச்ச விதையைச் சுவரில் இரண்டு வறட்டியாகத் தட்டினேன். ஏன் இரண்டு? ஒன்றாகவே தட்டியிருக்கலாம். கை இரண்டாகப் பிரித்தது.

"எதுக்கு அத்தை ரெண்டு?"

"இடது பக்கத்தை ஆடியில ஊனணும். வலது பக்கம் இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா, யாருக்கு?"

யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை, மதினி. எனக்குப் பிள்ளை இல்லை, கொடுத்தனுப்ப மகள் இல்லை. ஆனால் அது அங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் அடுப்புச் சூடுபோல் உள்ளங்கையில் தெரிந்தது. நீங்களும் அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது இதனால்தானா? உங்களுக்கும் தெரியாமல்தான் சொன்னீர்களா?

ருக்மணி இடுப்பில் கை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்னா இருக்கட்டும்" என்றேன்.